சித்ராவின் பியானோவுக்கு இரண்டு மைக்

ஏப்ரல் 21, திங்கள்

மதியத்துக்குள் மூன்று வேலை முடித்துவிட்டேன். வளவனூர் ஜவுளிக்கடைக்குக் கோடைத் தள்ளுபடி, முகையூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்குத் தீமிதி அறிவிப்பு, அப்புறம் திண்டிவனம் திருமுருகனின் வெங்காய வண்டிக்குப் புதுப் பேச்சு. தீமிதிக்குக் குரலில் கனம் வேண்டும், வெங்காயத்துக்குச் சிரிப்பு வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விழுப்புரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருக்கிறது என் அறை. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், சுவரெல்லாம் பழைய மெத்தை. இதற்குள் உட்கார்ந்து பேசிய என் குரல் போகாத தெரு இந்த மாவட்டத்தில் கிடையாது. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. இல்லையென்று எதற்கு எழுத வேண்டும்?

எரிச்சலும் ஒன்று உண்டு. திருமுருகனுக்குப் பேசிக் கொடுத்த "வாங்கம்மா வாங்க, வாசலுக்கே வந்திருக்குது வெங்காயம்" என்பதை எவனெவனோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் பொம்மையார்பாளையத்தில் உம்மா வீட்டுக்குப் போனால் அங்கேயும் நான் வெங்காயம் விற்றுக்கொண்டிருக்கிறேன். வண்டிக்காரன் யாரென்றே தெரியாது. உம்மா சிரித்துவிட்டு, "கூப்டுற, வாங்காம இருக்க முடியுமா" என்று இரண்டு கிலோ வாங்கினாள்.

சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து சித்ரா என்று ஒரு பெண் வந்தாள். பியானோ வாசிப்பாளாம், வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். வெளிநாட்டு வாரியம் ஒன்று டிப்ளமோ தேர்வு நடத்துகிறது. வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் போதும். போனில் பதிவு செய்து இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் தோற்றிருக்கிறாள். இரண்டு முறையும் ஒரே குறிப்புதான்: மெதுவாக வாசித்ததும் ஓங்கி வாசித்ததும் ஒரே அளவில் கேட்கின்றன.

"நான் மெதுவாத்தான் அக்கா வாசிச்சேன். போன்தான் அதத் தூக்கி உட்டுடுது" என்றாள்.

டிப்ளமோ வாங்கினால் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை. ஜூலை வரைக்கும் பார்ப்பார்கள், இல்லையென்றால் வேறு ஆளாம். பதிவு மே இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும், பிறகு கையும் வைக்கக் கூடாது.

"நீங்க பியானோ ரெக்கார்டு பண்ணியிருக்கீங்களா அக்கா?"

"அது ஒன்னுதான் பாக்கி" என்றேன்.

ஏப்ரல் 22

மகரிப் தொழுகைக்குப் பிறகு ஷார்ஜாவிலிருந்து இவர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். "பியானோவா? நம்மூர்லயா?" என்று ஒரு சிரிப்பு. நான் எதை அனுப்பினாலும் ஃபைசல் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் பத்தல புள்ள" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கேலி. என் வேலையில் சத்தம் பத்தவில்லையென்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். அவர் அறையில் ஏழெட்டுப் பேர், எந்நேரமும் டிவி. அங்கே எது பத்தும்?

ஏப்ரல் 24, வியாழன்

திண்டிவனம் போய் வந்தேன். மேடையில் படுத்திருக்குமே, அந்த மாதிரிப் பெரிய பியானோ இல்லை. நிற்கும் வகை. பீரோவைப் போலச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. தந்திகளெல்லாம் உள்ளே மேலிருந்து கீழாக. புதுச்சேரியில் சித்ரா படித்த பள்ளிக்கூடத்தில் மின்சார கீபோர்டு வாங்கியதும் இதை விற்றார்களாம். அவள் வீட்டுக்காரர் தேவநாதன் அந்த வருஷ மல்லாட்டை, வேர்க்கடலைதான், விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி வந்திருக்கிறார். நல்ல மனிதர். பேச்சுதான் கொஞ்சம் அதிகம்.

"தெருவே வேடிக்க பாத்துது மேடம். சவப்பெட்டியான்னு கேட்டான் ஒருத்தன்" என்றார்.

இப்போது பியானோவுக்கு மேலே கல்யாண போட்டோ, டிவி ரிமோட், விபூதிக் கிண்ணம். ஹாலில் பாதிக்கு மல்லாட்டை மூட்டை அடுக்கியிருக்கிறது. அறுவடை முடிந்த கையோடு வந்ததாம்.

என் குரல் மைக்கைக் கொண்டுபோயிருந்தேன். மேல்மூடியைத் திறந்து உள்ளே தலைகீழாகத் தொங்கவிட்டேன். மைக் என்றால் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பியானோவுக்கு வாய் அதுதானே? தேர்வுக்கான மூன்று பாட்டையும் சித்ரா வாசித்தாள். எனக்கு இந்த மாதிரி இசையெல்லாம் தெரியாது. ஆனால் கடைசிப் பாட்டு முடியும்போது அவள் விரல் கட்டையைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, ஆனால் சத்தம் வந்தது.

ஏப்ரல் 25

முழு நாளும் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கை வைக்கக் கூடாது என்றால் வெட்டி ஒட்டக் கூடாது என்றுதானே அர்த்தம், அளவைச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். தொய்வாக இருந்த இடத்தையெல்லாம் தூக்கி, துருத்திக்கொண்டிருந்ததை அமுக்கி, ஒரே மட்டமாக நிறுத்திவிட்டேன். கடைசிப் பாட்டின் முடிவு அவ்வளவு சன்னமாக இருந்தது. இப்போது கணீரென்று கேட்கிறது.

மொட்டை மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். எந்த வேலையையும் அதில் போட்டுப் பார்க்காமல் வெளியே விடமாட்டேன். தெருமுனை டீக்கடையில் ஆட்கள் தலையைத் திருப்பினால் வேலை பாஸ். இன்றைக்குப் பியானோவைப் போட்டேன். மொத்தக் கடையும் திரும்பியது. ஒருத்தர் டம்ளரோடு நடுத்தெருவுக்கே வந்து அண்ணாந்து பார்த்தார்.

சித்ராவுக்கு அனுப்பிவிட்டேன். அழுதுவிடுவாள்.

ஏப்ரல் 26

அழவில்லை. போன் செய்தாள். முதலில், "நல்லாருக்குது அக்கா" என்றாள். அப்புறம், "எல்லாமே ஒரே சத்தமா இருக்குதுக்கா. எங்க மெதுவா வாசிச்சேன்னு எனக்கே தெரியல" என்றாள்.

அவள் போன் என்ன செய்ததோ அதையே நானும் செய்திருக்கிறேனாம்! அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அதுதான் அர்த்தம். நான் இன்னா போனா? பதினோரு வருஷமா இந்தக் காதை வெச்சுக்கினுதானே சாப்புடுறேன். புடிக்கலன்னா புதுச்சேரிக்குப் போவச் சொல்லு, அங்க பெரிய பெரிய ஸ்டுடியோ இருக்குது—

ஏப்ரல் 27

எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கோபம் இறங்கிய பிறகு, கை வைக்காத முதல் பதிவை ஹெட்போனில் கேட்டேன். சித்ரா சொன்னது சரிதான். ஓங்கி அடிக்கும் இடம், மெல்ல வருடும் இடம், நடுவில் படிப்படியாக ஏறி இறங்கும் இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. நான்தான் புல்டோசர் விட்டு மட்டமாக்கியிருக்கிறேன். என் தொழிலே அது. ஓடுகிற வண்டியில், சந்தைக் கூச்சலில், பாதி அடைத்துப் போன குழாயில் ஒரு வார்த்தையும் கீழே விழாமல் கேட்க வேண்டும் என்றால் எல்லா வார்த்தையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதில் என்னை அடிக்க ஆள் இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே பியானோவுக்குப் போட்டிருக்கிறேன். டீக்கடையை வைத்துத் தேர்வு நடத்தியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

முதல் பதிவிலும் குறை இருக்கிறது. மைக்குக்கு நேர் கீழே இருந்த நடுத் தந்திகள் கத்துகின்றன. இரண்டு ஓரமும் எங்கேயோ இருக்கின்றன. இசைக்கு முன்னால், உள்ளே தந்தியைத் தட்டும் சுத்தியல் விழும் டொக் டொக் கேட்கிறது. வாய்க்குள்ளேயே மைக்கை விட்டால் பல் கடிக்கும் சத்தம்தான் வரும்.

சித்ராவுக்குப் போன் போட்டேன். "நான் பண்ணது தப்பு. மறுபடியும் வர்றேன், வேற மைக்கோட" என்றேன். "நீங்க கோச்சுக்கினு உட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கோபித்துக்கொண்டது உண்மை. விடுவது எப்படி?

மே 2, வெள்ளி

கோட்டக்குப்பத்தில் தாவூத் சாச்சா மைக் செட் வாடகைக்கு விடுகிறார். அவரிடம் பென்சில் போல ஒல்லியான கன்டென்சர் மைக் ஒரு ஜோடி உண்டு. மூச்சைக் கூடப் பிடிக்கும் என்பதால் கல்யாண மேடைக்கு ஆகாது, சும்மா கிடக்கிறது. ஜோடி என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால்தான் இடது கையும் வலது கையும் தராசுத் தட்டு மாதிரி நிற்கும்.

கூடவே கல்யாணப் பாட்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளும் தடி மைக் இரண்டையும் எடுத்துக்காட்டி, "இத எடுத்துக்கினு போ. கீழ போட்டாலும் ஒன்னும் ஆவாது" என்றார்.

"கீழ போடப் போறதில்ல சாச்சா" என்றேன். தடி மைக்கில் பேசிப் பார்த்தேன். பக்கத்தில் வந்தால்தான் காது கொடுக்கிறது. சித்ராவின் கடைசிச் சத்தம் அதற்கு எட்டாது. பென்சில் ஜோடியைத்தான் கொண்டுவந்தேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் இன்று ஆரம்பம். நல்ல நாள் பார்த்தேன் ஃபேனை நிறுத்த. கூட்டேரிப்பட்டிலேயே பஸ்ஸில் பாதி உயிர் போய்விட்டது.

முதல் வேலையாகப் பியானோவைச் சுவரிலிருந்து இழுக்கச் சொன்னேன். தேவநாதனும் பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கனும் இழுத்தார்கள். பின்னால் ஒரு சீப்பு, இரண்டு சாக்பீஸ், காய்ந்த பல்லி, காணாமல் போயிருந்த கேஸ் புத்தகம். "இத்த வெச்சுக்கினுதான் ஒரு மாசம் சண்ட போட்டா" என்று தேவநாதன் சித்ராவைக் காட்டினார். அவள் பதில் சொல்லாமல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மைக்கை வைக்கும் முன்பு காதை வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தேன். ஒரு மைக் ஒரு காதுதானே? விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு, சித்ராவை வாசிக்கச் சொல்லிவிட்டு, பியானோவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குனிந்தேன், உட்கார்ந்தேன், ஸ்டூல் மேல் ஏறினேன். தேவநாதன், "மேடத்துக்குக் காது வலியா?" என்று சித்ராவிடம் கேட்டிருக்கிறார்.

பின்பக்கம்: அங்கே முழுக்க ஒரு பெரிய பலகை. தந்தியின் அதிர்வெல்லாம் அதில் ஏறித்தான் வெளியே வருகிறது. சத்தம் சூடாக, நிறைவாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் வாசிப்பதைச் சுவரில் காது வைத்துக் கேட்பது மாதிரி இருந்தது. விரல் தெரியவில்லை.

கீழ்ப்பக்கம், கால் பலகையைக் கழற்றிவிட்டு: கனத்த சத்தம், கூடவே மிதிகட்டையின் க்ரீச். தேங்காய் எண்ணெய் விட்டால் போகும் என்றார் தேவநாதன். விட வேண்டாம் என்றாள் சித்ரா. விடவில்லை.

மேலே, திறந்த மூடிக்குப் பக்கத்தில்: பழைய கதைதான், டொக் டொக்.

கடைசியில் சித்ராவுக்குப் பின்னால் வந்து நின்று அவள் தோளுக்கு மேலே குனிந்தேன். அங்கே இருந்தது. சுத்தியல் இருந்தது, ஆனால் இசைக்குள் இருந்தது. ஓரத்துத் தந்தியும் வந்தது, நடுவும் அடங்கி நின்றது. அவள் இவ்வளவு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். அவளுக்குத் தெரிந்த மெதுவும் ஓங்கலும் இந்த இடத்திலிருந்துதான். இதைக் கேட்டுக் கேட்டுத்தானே அவள் விரலை வைக்கிறாள்? அப்படியென்றால் வாரியத்துக்காரர்களையும் இங்கேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டியதுதான்.

மேல்மூடியைத் திறந்துவைத்தேன். பியானோவைச் சுவருக்குக் கொஞ்சம் சாய்வாக நிறுத்தினேன். சித்ராவின் இரண்டு தோளுக்கும் பின்னால், தலைக்குச் சற்று மேலே, ஒவ்வொரு பக்கமும் ஒரு மைக். சோதனைக்கு ஒரு பாட்டை மட்டும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வந்தேன்.

மே 5

இரண்டு மைக்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே காதில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் சத்தம் சொத்தையாகிவிடும். ஆகவில்லை. குழாய் ஸ்பீக்கருக்கு ஒயரே செருகவில்லை. கை மட்டும் பொறுக்காமல் இரண்டு தரம் குமிழ் பக்கம் போனது. பக்கத்து அறையில் போய் டீ போட்டுக் குடித்தேன்.

சித்ராவுக்கு அனுப்பினேன். ஒரே வரி பதில்: "இது நான்தான் அக்கா."

இதைவிடப் பெரிய பாராட்டை இதுவரை எந்த ஜவுளிக்கடையும் கொடுத்ததில்லை.

மே 11, ஞாயிறு

இன்றே எடுத்துவிடலாம் என்று போனேன். ஹால் காலி. மூட்டையெல்லாம் மார்க்கெட் கமிட்டிக்கு விற்பனைக்குப் போய்விட்டதாம். "நல்ல வெல மேடம்" என்று தேவநாதன் சந்தோஷமாகச் சொல்கிறார். சித்ரா ஒரு கட்டையைத் தட்டினாள். கிணற்றுக்குள் தட்டின மாதிரி எதிரொலித்தது. போன வாரம் இருந்த ஹால் இது இல்லை. சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது அந்த மூட்டைகள்தான் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

இதோடு இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட கட்டையைத் தொட்டால் மட்டும் எங்கேயோ ஜிர்ரென்று ஒரு அதிர்வு. நான் பியானோவுக்குள் தலையை விட்டுத் தேடினேன், சித்ரா அதே கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சமையலறையில் சில்வர் தட்டுகளுக்குக் கீழே இருந்த தோசைக் கரண்டி! அதை எடுத்துக் குதிருக்குள் போட்ட பிறகுதான் அடங்கியது.

ஆனால் ஹால்? பேஜாரு பேஜாரு. சித்ரா முகம் வாடிப்போய் இருந்தது. "இனிமே மூட்டைக்கு எங்க போறதுக்கா?" என்றாள். இருபதாம் தேதிக்குள் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது.

மே 13

தேவநாதன் போன் செய்தார். மல்லாட்டை உடைக்கும் மில்லில் தோல் மலையாகக் கிடக்கிறதாம், கேட்பாரில்லை. கோணியில் அடைத்து முப்பது நாற்பது மூட்டை ஹாலில் அடுக்கிவிட்டாராம். "கைய தட்டிப் பாத்தேன் மேடம். சத்தம் எதிர்த்து வர்ல" என்றார். நான் கேட்கவே இல்லை. தானாகவே கை தட்டிப் பார்த்திருக்கிறார்! இந்த மனிதரை மூட்டையை விற்றதற்காக மனதுக்குள் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

மே 16, வெள்ளி

தெருவை என்ன செய்வது? மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் திண்டிவனமே தூங்கும். தூங்காதது வண்டிகள்தான். திண்டிவனத்தில் ஓடும் அறிவிப்பு வண்டியில் முக்கால்வாசி என் குரல். யார் எந்தத் தெருவுக்கு எப்போது போவார்கள் என்று எனக்கு அத்துப்படி. ஒவ்வொருத்தராகப் போன் போட்டேன். குக்கர் ரிப்பேர், பாய் தலையணை, உப்பு. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியாகத் திருமுருகன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அந்தத் தெருப் பக்கம் போவாத."

"உங்க வாய நீங்களே மூடச் சொல்றீங்களேக்கா."

"ஒரு நாளைக்கு மூடு."

"பியானோன்னா இன்னாக்கா, கிடார் மாதிரியா?"

"வந்து பாரு. வண்டிய எடுத்துக்கினு வராத."

ஒரு ஊரையே போனில் வாயடைக்க வைக்க முடியும் என்றால் அது நான்தான். கலெக்டரால் முடியாது.

மே 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜன்னலெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கி, எல்லார் போனையும் வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டோம். சித்ரா வளையலைக் கழற்றினாள். தாலியை மட்டும் ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். தேவநாதனை வாசலில் காவல் வைத்தோம். நான் தோல் மூட்டைகளுக்கு நடுவில், தரையில், ஹெட்போனோடு. ஓங்கி வாசிக்கும் இடத்தை ஒரு தடவை வாசிக்கச் சொல்லி அளவு வைத்தேன். அதற்கு மேல் எதையும் தொடக் கூடாது. தொடாமல் இருக்க எனக்கு ஒரே வழிதான். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் தடவை நடுப் பாட்டில் அவள் விரல் தவறியது. இரண்டாம் தடவை எல்லாம் சரி, ஆனால் பயந்து வாசித்தாள், அவளுக்கே தெரிந்தது. முதுகெல்லாம் நனைந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "அக்கா, நீங்க எதுனா பேசுங்க" என்றாள். என்ன பேசுவது? "வாங்கம்மா வாங்க" என்று வெங்காயத்தைப் பேசிக் காட்டினேன். சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு திரும்பி உட்கார்ந்தாள்.

மூன்றாம் தடவை. அதை எப்படி எழுதுவது? ஓங்கினபோது என் கை தொடைக்கு அடியில் துடித்தது. தணிந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், மைக்குக்குக் கேட்டுவிடும் என்று. கடைசிப் பாட்டு தேய்ந்து தேய்ந்து, கடைசிக் கட்டையில் அவள் விரல் விழுந்தது. சத்தம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கிறது, அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை, எனக்கு ஹெட்போனில் அது இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது—

எங்கேயோ இரண்டு தெரு தள்ளி: "வாங்கம்மா வாங்க."

நான்தான்.

சித்ரா எழுந்து வந்தாள். அழுகிறாள், சிரிக்கிறாள். "இதுதாங்கக்கா" என்கிறாள். அவளுக்குக் கேட்கவில்லை. நான் வெளியே ஓடினேன். தேவநாதன் கைவிரித்தார். அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று திருமுருகனுக்குப் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "அக்கா, நான் வண்டிய எடுக்கவே இல்ல. வூட்ல சாப்புட்டுக்கினு இருக்கிறேன்" என்றான். யாரோ ஒருத்தன். என் குரலைத் திருடினவன். அவன் போன் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடி எடுக்கச் சித்ராவால் முடியவில்லை. மூன்று தடவையில் ஓய்ந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

விழுப்புரத்துக்கு வந்த பிறகு கேட்டேன். ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் தெரிகிறது. கடைசிச் சத்தத்தின் வாலில், நூல் மாதிரி, என் குரல். வாலை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த வால்தானே எல்லாம்? போன் சாப்பிட்டது அதைத்தான், ஏப்ரலில் நான் சாப்பிட்டதும் அதைத்தான். கை வைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மே 19

சித்ரா காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நேற்று சொல்லாமல் வந்ததை மறைக்காமல் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். கேட்கவில்லை என்றாள். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்கதாங்கக்கா!"

"சனியன், நானேதான். இன்னா பண்ணலாம் சொல்லு. வேணும்னா நாளைக்குக் காலைல மறுபடி வர்றேன்."

யோசித்தாள். இந்த வேலை போனால் அடுத்த வருஷமும் வீட்டு ஹாலில்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"இந்த மாதிரி இன்னொரு தடவ எனக்கு வராதுக்கா. அனுப்புங்க" என்றாள்.

அனுப்பிவிட்டேன். இவருக்கும் ஒன்று அனுப்பினேன். "கேக்குறேன் கேக்குறேன்" என்று பதில் வந்தது.

ஜூன் 6

இவர் இன்னும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. நாளை பக்ரீத். உம்மா வீட்டுக்குப் போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பாஸ். பாஸ். பாஸ்.

சித்ரா போனில் பேச முடியாமல் தேவநாதனிடம் கொடுத்துவிட்டாள். அவர் வாரியத்தின் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டினார். மிகச் சன்னமான இடங்களும் மிகத் தெளிவாக இருந்தனவாம். ஏற்ற இறக்கம் முழுதாகத் தெரிந்ததாம். கடைசிச் சத்தத்தை அவள் முழுவதும் அடங்கவிட்ட பொறுமை பாராட்டத் தக்கதாம். "பொறும யாருது மேடம்? ஃபேன் இல்லாம வாசல்ல நின்னுக்கினு இருந்தனே" என்றார். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்களாம்.

கடைசிச் சத்தத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், அதற்குள் இருந்த என்னைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அவர்களுக்குக் கேட்கவே இல்லை. நல்லதுதான். ஆனால் உண்மையை எழுதினால், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இதுவரை என் குரலுக்குத் திரும்பாத ஆள் இவர்கள்தான்.

மத்தியானம் பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இசைக் கருவிகள் பதிவு செய்து தரப்படும். "இன்னா கருவிம்மா, பம்பையா?" என்றான். "எல்லாந்தான். பியானோவும்" என்றேன். டீக்கடைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

ஜூலை 12

மகரிப் தொழுது முடித்ததும் இவர் போன். நேற்று ரிசல்ட்டை அனுப்பியிருந்தேன். அதன் பிறகுதான் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார். அறையில் டிவி ஓடியதால் கூட இருக்கும் மலையாளியிடம் ஹெட்போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாராம்.

"எனக்கு இன்னா தெரியும் பியானோவெல்லாம்" என்றார். "நல்லாத்தான் இருந்துது. கடைசில ஒரு சத்தம் வருது பாரு."

"இன்னா சத்தம்?"

நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. உம்மாவிடம் கூடச் சொல்லவில்லை.

"நீ கூப்டுற" என்றார். "எங்கியோ தூரத்துல. வாங்கம்மா வாங்கன்னு. அத்த மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கினு இருந்தேன்."

அவர் ஷார்ஜா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் லாரி போகும் சத்தம் கேட்டது, இன்னும் மாடியில்தான் நிற்கிறார் போல.

"சத்தம் பத்துச்சா மச்சான்?" என்று கேட்டேன்.

"பத்துச்சு" என்றார்.